ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வளவு

ஓர்ஸ் ஹில் மேட்டில் குடியிருக்கும் எங்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. கடல் ஏறி வருகிறது என்று யாராவது கத்தினால் நாங்கள் எங்கும் ஓட வேண்டியதில்லை. மற்றவர்கள்தான் எங்களிடம் ஓடி வரவேண்டும். காலடியில் திருகோணமலை உட்துறைமுகம். அதற்கு அப்பால் கொட்டியாரக்குடா. குடாவின் மறுகரையில் மூதூர். மூதூரையும் தாண்டித் தெற்கே போனால், மாவட்டத்தின் கடைசி எல்லையில் வெருகல் ஆறு. அந்தப் பக்கம் எங்கள் மேட்டைப் போல ஒரு மேடு கிடைப்பது அரிது.

என் அம்மாவின் ஊர் அங்கேதான், முகத்துவாரத்துக்குக் கிட்ட. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவே தென்னை நின்ற ஒரு வளவு. அம்மம்மாவிடம் வருடக் கணக்குக் கேட்டால் எண்ணில் சொல்லமாட்டார். "உன்ட அம்மா பெருவெள்ளத்துக்கு அடுத்த வருசம் பிறந்தவள். நீ சூறாவளிக்கு அடுத்த வருசம்" என்பார். அதாவது அம்மா 1958, நான் 1979. பள்ளிக்கூடத்துப் படிவத்தில் எழுதுவதற்கு வேறு யாரிடமாவது கேட்டுத்தான் எண்ணாக்க வேண்டியிருந்தது. ஆனால் அவர் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை.

அந்தக் கணக்கைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன். போரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். எந்த வருடம் எங்கே இடம்பெயர்ந்தோம் என்று நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் தண்ணீரும் காற்றும் நம்மை எத்தனை முறை கிளப்பின என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது கிழவிகளின் வாயில்தான் இருந்தது.

ஆறு தரும் தவணை

வெருகல் ஆறு தனி ஆறு அல்ல. மகாவலியின் ஒரு கை அது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் இலங்கையின் மிக நீளமான ஆறு, கடைசியில் பிரிந்து ஒரு பாதியைக் கொட்டியாரக்குடாவிலும் மறு பாதியை வெருகலிலும் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆகவே வெருகலில் வெள்ளம் வருவதற்கு வெருகலில் மழை பெய்ய வேண்டியதில்லை. மலைநாட்டில் பெய்தால் போதும், பொலன்னறுவைப் பக்கம் பெய்தால் போதும். நம் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆறு ஏறிக்கொண்டிருக்கும்.

சிறுமியாக இருந்தபோது ஒரு மாரியில் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மம்மா ஆற்றங்கரைக்குப் போய்வந்து, வந்த கையோடு நெல் மூட்டையைப் பரணில் ஏற்றச் சொன்னார்.

"வானம் வெளிச்சிருக்கே அம்மம்மா" என்றேன்.

"வானத்தப் பாக்காத புள்ள, ஆத்தப் பாரு. சிவந்திற்று. மேல மழை."

மலை மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர் அந்த நிறத்தில்தான் இருக்கும். செத்தையும் வாழைக்குற்றியும் மிதந்து வரத் தொடங்கினால் இன்னும் கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். ஆற்று வெள்ளம் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் தவணை தரும். அந்தத் தவணைக்குள் கோழிகளைக் கூரையில் ஏற்றலாம், ஆட்டை மேட்டுக்கு அனுப்பலாம், அரிசி, உப்பு, நெருப்புப்பெட்டி மூன்றையும் பொலித்தீனில் சுற்றலாம். 1957 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் வடமத்தி, கிழக்கு மாகாணங்களில் குளக்கட்டுகளை உடைத்துக்கொண்டு வந்தது. குளம் உடைந்தால் தவணை கிடையாது. அதனால்தான் அது மட்டும் 'பெரு' வெள்ளமானது. மற்றவை எல்லாம் அம்மம்மாவின் கணக்கில் வெறும் வெள்ளம்.

காற்றுக்கு நடுவே ஓர் அமைதி

காற்று வேறு சாதி. 1964 டிசம்பர் 22 ஆம் திகதி திருகோணமலையைக் கடந்த சூறாவளி, அப்படியே வவுனியா, மன்னார் வழியாகப் போய் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலை நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டுபோனது அந்தப் புயலில்தான். தனுஷ்கோடிக் கதை தமிழ் உலகம் முழுக்கத் தெரியும். அதே காற்று முதலில் எங்கள் கரையைத்தான் தொட்டது என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது.

அடுத்தது 1978 நவம்பர் 23. மட்டக்களப்பைச் சூறையாடிய அந்தச் சூறாவளியில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு விழுந்ததாகக் கணக்கு. தென்னை விழுந்ததைத் தோட்டக்காரரின் நட்டமாகத்தான் எழுதினார்கள். கிடுகு இழைத்தவள், தும்பு திரித்தவள், ஈர்க்கு வாரி விளக்குமாறு கட்டியவள், எண்ணெய் காய்ச்சி விற்றவள் — இவர்களின் கைக்காசும் அதே மரத்தோடு விழுந்தது. புதிதாக நட்ட கன்று காய்க்க ஆறேழு வருடம். அதுவரை என்ன செய்தார்கள் என்று எந்த அறிக்கையிலும் நான் வாசிக்கவில்லை.

சூறாவளியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அதன் நடுவில் கண் என்று ஓர் இடம் உண்டு. கண் நம் தலைக்கு மேலே வரும்போது காற்று திடீரென நின்றுவிடும். மழையும் விடும். சிலவேளை வானமும் தெரியும். முடிந்துவிட்டது என்று நினைத்து ஆட்டைத் தேடவும் விழுந்த ஓட்டைப் பொறுக்கவும் வெளியே போவார்கள். பெரும்பாலும் போவது பெண்கள்தான், அல்லது அவர்கள் அனுப்பிய பிள்ளைகள். சற்று நேரத்தில் காற்று எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். நம் கரையில் முதலில் வடக்கே இருந்து அடித்திருந்தால் பிறகு தெற்கே இருந்து வரும். ஒரு பக்கம் சாய்ந்து பாதியாய் நின்ற மரமும் சுவரும் இப்போதுதான் முறியும். "காத்து ரெண்டு தரம் வரும். முதல் தரம் தட்டிப் பாக்க, ரெண்டாந்தரம் உடைக்க" என்பது அம்மம்மாவின் விளக்கம். விஞ்ஞானப் புத்தகமும் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது.

2000 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி இன்னொன்று திருகோணமலைக்குக் கிட்டக் கரையேறியது. 1978க்குப் பின் நாட்டைத் தாக்கியவற்றில் அதுவே பலமானது. கிடுகுக் கொட்டிலிலும் தறப்பாளுக்குக் கீழும் இருந்தவர்களுக்கு அந்தக் காற்று எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. திகதியை மட்டும் கவனியுங்கள்: டிசம்பர் 26. நத்தாருக்கு மறுநாள். சரியாக நான்கு வருடம் கழித்து அதே திகதியில் கடல் வந்தது.

கடல் எப்போதும் உள்வாங்காது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அப்போதைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. இரண்டு மணி நேரம் என்பது சின்ன அவகாசம் அல்ல. சோறு வடித்து, குளித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போயிருக்கலாம். ஆனால் இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை.

நாடு முழுவதும் 35,000 பேருக்கு மேல் போனார்கள். திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். கிண்ணியாவில் வைத்தியசாலை கடற்கரையோரம் இருந்தது. நோயாளரோடு சேர்த்து அலை அதை அடித்தது.

சுனாமி வருவதற்கு முன் கடல் உள்வாங்கும் என்று இன்று எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். பாடசாலையில் அப்படித்தான் படிக்கிறார்கள். தாய்லாந்துக் கரையில் அன்று அப்படித்தான் நடந்தது. நம் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது உயர்ந்த தண்ணீர். முதல் அலை ஏறியது, பிறகுதான் கடல் வெகுதூரம் உள்ளே போனது, அதன் பின் வந்ததுதான் பெரியது. முதல் தண்ணீருக்குத் தப்பி, பிள்ளையைத் தேடவும் சாமானைப் பொறுக்கவும் திரும்பி வந்தவர்களை இரண்டாவது கொண்டுபோனது. ஆகவே கடல் உள்வாங்கட்டும், பார்த்து ஓடலாம் என்று காத்திருக்க முடியாது. நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் தன் வழக்கத்துக்கு மாறாக நடந்தாலோ, அறிவித்தல் வந்தாலோ உடனே மேட்டுக்குப் போகவேண்டும். மணிக்கணக்கில் திரும்பக்கூடாது.

இது புதிதும் அல்ல. 1883 ஓகஸ்ட் மாதம் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கைவரை வந்தது. தென்கிழக்குக் கரையில் பாணமைக்கு அருகே மணல்திட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் அந்த அலையில் அகப்பட்டு இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வெடித்த ஒரு மலைக்கு, வேலைக்குப் போய்வந்த ஒருத்தி உயிரைக் கொடுத்தாள்.

2004இலும் பெண்கள்தான் கூடுதலாக இறந்தார்கள். ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதைச் சொன்னது. சில இடங்களில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற கணக்கில் இறந்திருந்தார்கள். காரணங்களை நாமே சொல்லலாம். நீந்தத் தெரியாது. மரம் ஏறப் பழக்கவில்லை. சேலை காலைத் தடுக்கிற்று, கூந்தல் சிக்கிற்று. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வீட்டுக்குள் படுத்த மாமி ஒருவர். மட்டக்களப்புப் பக்கம் பெண்கள் கடலில் குளிக்கும் நேரமும் அதுதான் என்று அந்த அறிக்கையில் இருந்தது.

எங்கள் வளவில் அன்று யாரும் சாகவில்லை. முதல் தண்ணீர் வாசலுக்கு வந்ததும் அம்மம்மா எல்லோரையும் கிளப்பிவிட்டார். கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "ரெண்டாந்தரம் வரும்" என்று மட்டும் சொன்னாராம். காற்றுக்குப் படித்த பாடத்தை அவர் கடலுக்குப் போட்டார், அது சரியாக இருந்தது.

காசோலையில் யாருடைய பெயர்

கிழக்கில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். தமிழரிலும் முஸ்லிம்களிலும் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். எங்கள் முகத்துவாரத்து வளவும் அம்மம்மாவிடமிருந்து சின்னம்மாவுக்கு வந்தது. அம்மாவுக்கு வேறொரு துண்டு கிடைத்தது.

சுனாமிக்குப் பிறகு படிவங்கள் வந்தன. முழுதாய் இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபாய், பாதி இடிந்ததற்கு 100,000, குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் உதவி. படிவத்தில் ஒரு கட்டம்: குடும்பத் தலைவர். அந்தக் கட்டத்தில் சித்தப்பாவின் பெயரை எழுதினார்கள். வளவு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. சின்னம்மாவும் சொல்லவில்லை. சித்தப்பா நல்ல மனிதர், அன்றைக்கு அது பெரிய விடயமாகத் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் அப்படி இருக்கவில்லை. மாதக் காசு குடித்தே முடிந்த வீடுகளும், கணவன் வேறு கல்யாணம் முடித்துப் புதுவீட்டைத் தனதென்று சொன்ன வீடுகளும் இருந்தன. மட்டக்களப்பில் பெண்கள் குழுக்கள் இதை எழுப்பின. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கேட்டன. சில இடங்களில் கேட்டது கிடைத்தது, பல இடங்களில் இல்லை.

சித்தப்பா 2006இல் காணாமல் போனார். அந்தக் கதையை இங்கே எழுதவில்லை. புதுவீட்டின் காகிதம் அவர் பெயரில் இருந்தது. மாற்றுவதென்றால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சின்னம்மா அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. "வீட்டுக்காக அந்த மனிசன சாக்காட்டச் சொல்றாங்க" என்று ஒருமுறை சொன்னார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. தன் தாய் தந்த வளவில், அடுத்தவர் பெயரிலுள்ள வீட்டில், அவர் இன்றும் இருக்கிறார்.

அதே அணைக்கட்டு

மாவிலாறு என்றால் நாட்டுக்கே தெரியும். வெருகல் ஆற்றுத் தண்ணீரை வயல்களுக்குத் திருப்பும் அணைக்கட்டு அது. 2006 ஜூலையில் அதன் கதவு மூடப்பட்டதும் அதை ஒட்டி நடந்த சண்டையும்தான் கடைசிப் போருக்கு வாசலாயின. தண்ணீர் வராமல் அயலூர் மக்கள் தவித்தார்கள். பிறகு சம்பூரும் மூதூரும் ஈச்சிலம்பற்றும் வெருகலும் கிளம்பின. ஆற்றைத் தாண்டிக் கதிரவெளி, வாகரை, அங்கிருந்து மட்டக்களப்பு. எங்கள் வீட்டாரும் அந்த வரிசையில் போனார்கள். அம்மம்மா 2007 தொடக்கத்தில் முகாமில் கண்ணை மூடினார். ஊர் திரும்பியது சில மாதங்கள் கழித்து. அவர் திரும்பவில்லை.

எங்கள் ஊரில் அவர் வயதுக்காரர் பலர் அப்படித்தான் வழியில் போனார்கள். ஊருக்குத் திரும்பிய இளம் பெண்கள் ஆற்றங்கரையில் பிறந்து முகாம்களில் வளர்ந்தவர்கள். ஷெல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சத்தத்தில் சொல்வார்கள். ஆறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. அது அவர்களுடைய குற்றமல்ல. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இரண்டு முறை வெள்ளம் வந்து கிழக்கு முழுவதும் மூழ்கியபோது இதை நான் முதன்முதலாகக் கண்டேன். அந்த வருடம் ஒக்டோபரில்தான் வெருகலில் பாலம் திறந்தார்கள். அதுவரை அங்கே பாதை என்று நாம் சொல்லும் மிதவைதான். வெள்ளம் வந்தால் அதுவும் ஓடாது, ஊர் தீவாகிவிடும்.

ஏற்பாடுகள் முன்னேறின, அதை மறுக்கக்கூடாது. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 117 என்ற இலக்கம் வந்தது. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவில் மறுபடி பூமி அதிர்ந்தபோது கரையோரத்து மக்களை முன்கூட்டியே எழுப்பினார்கள். அலை வரவில்லை, அதனால் என்ன. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பக்கம் கரையேறியபோதும் மக்கள் முன்பே பாடசாலைகளுக்குப் போயிருந்தார்கள்.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தது. யேமன் நாடு வைத்த பெயராம், அங்குள்ள ஒரு களப்பின் பெயர். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் மலைநாட்டில், மண்சரிவில். அங்கே பெய்த அந்த மழைதான் மகாவலி வழியாக எங்களிடம் வந்தது. மாவிலாற்றின் கட்டு உடைந்தது. 2006இல் தண்ணீரை மறித்து எங்களைக் கிளப்பிய அதே இடம், பத்தொன்பது வருடம் கழித்துத் தண்ணீரை விட்டுக் கிளப்பியது. வெருகல், மூதூர், சேருவில என்று சுற்றியுள்ள ஊர்களெல்லாம் நீருக்குள்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்து நான் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் தொடர்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சின்னம்மாவின் பேத்தி எடுத்தாள்.

"பெரியம்மா, நாங்க பள்ளிக்கூடத்தில இருக்கிறம். எல்லாரும் இருக்கிறம்."

"எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"கட்டு உடைய முந்தியே. அம்மம்மா வெள்ளண ஆத்தடிக்குப் போயிற்று வந்து, சிவந்திற்று வெளிக்கிடுங்க எண்டா. நான் வெதர் பாத்தன் பெரியம்மா, எங்கட பக்கம் மழை இல்ல எண்டுதான் போனில காட்டிச்சு. நான் வரமாட்டன் எண்டு சண்டை பிடிச்சன்."

அவள் சொன்ன அம்மம்மா என் சின்னம்மா. அவருக்கும் இப்போது எழுபதுக்குக் கிட்ட.

தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகு நான் போனேன். சுவரில் சேற்றுக்கோடு என் தோளளவுக்கு இருந்தது. நெல் போய்விட்டது, கோழிகள் போய்விட்டன, தையல் மெஷின் துருப்பிடித்துக் கிடந்தது. காகிதங்கள் தப்பியிருந்தன. சின்னம்மா அவற்றை ஒரு பழைய பாடசாலைப் பையில் பொலித்தீன் சுற்றி வைத்திருக்கிறார். ஷெல்லடி காலத்தில் கட்டிய பை, அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், அம்மம்மாவின் பெயரிலிருந்த பழைய வளவு உறுதி, சித்தப்பாவின் படம் எல்லாம் அதற்குள். வெள்ளத்துக்கும் அதே பையைத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

சுவரைக் கழுவ நாங்கள் வாளியோடு நின்றபோது பேத்தி கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். உள்ளே போய் ஓர் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தாள். கதவு நிலையில் சேற்றுக்கோடு இருந்த இடத்தில் ஆணியால் கீறி, பக்கத்தில் 2025 என்று எழுதினாள். பிறகு சின்னம்மாவைக் கூப்பிட்டு, "பதினொண்டில எவ்வளவு வந்தது, அம்மம்மா? கையால காட்டுங்க" என்றாள். சின்னம்மா யோசித்து, தன் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்தார்.